நொய்யற்கரைத் தொழிலூர்

சேரமான் பெருமாள் அளித்த பொன்னோடும் மணியோடும் திரும்பி வந்த சுந்தரரை, திருமுருகன்பூண்டியிலே சிவபெருமானின் பூதகணங்கள் வேடர் வடிவில் வழிமறித்துப் பறித்தன என்பது புராணச் செய்தி. பறிகொடுத்தவர் இறைவனையே கடிந்து பாடிய பதிகம் ஏழாம் திருமுறையில் இருக்கிறது. பக்தி ஒருபுறம் இருக்க, வரலாறு பயில்வோர்க்கு இக்கதை வேறொன்றையும் உணர்த்தும். சேரநாட்டுச் செல்வம் பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்குநாட்டைக் கடந்து கிழக்கே போயிற்று. அந்தப் பெருவழி, சுந்தரருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வணிகர் நடந்து தேய்ந்த வழி. அவ்வழியில் இருந்த ஓர் ஊரைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

பூண்டியின் நல்லாறு நொய்யலில் கலக்கிறது. நொய்யலின் போக்கிலே கிழக்கே சென்றால், சென்னிமலை வட்டாரத்தில், ஆற்றின் வடகரையில் கொடுமணல் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே கோட்டை இல்லை, கோபுரம் இல்லை. நான் சென்ற நாளில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளின் மணியோசையன்றி வேறோசை கேட்கவில்லை. ஆயினும் குனிந்து பார்த்தால், உழுத மண்ணெங்கும் கறுப்பும் சிவப்புமான பானை ஓடுகள். அகழ்ந்த குழிகளை மூடிவிட்டார்கள். அவற்றின்மேல் மீண்டும் பயிர் விளைகிறது. ஊருக்கு வெளியே கல்வட்டங்களும் கற்பதுக்கைகளும் கிடக்கின்றன. வாழ்ந்தவர் வீடுகள் மண்ணுக்குள் போயின. மாண்டவர் வீடுகளே வெளியில் நிற்கின்றன.

பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் கொடுமணம் என்று குறிப்பிடும் ஊர் இதுவே என்பது அறிஞர் கொள்கை. 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகமும், 2012–13இல் புதுவைப் பல்கலைக்கழகமும், அதன்பின் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையும் இங்கே அகழ்ந்தன. கரிமக் கணிப்பு இவ்வூரின் வாழ்வைக் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு வரை கொண்டு செல்கிறது.

என்ன கிடைத்தது? அரசர் மகுடம் அன்று. இரும்பு உருக்கிய உலைகள், எஃகு செய்த மூசைகள், நூல் நூற்ற சுடுமண் தக்களிகள், மணி செய்தவர் கழித்துப் போட்ட கற்சில்லுகள். பளிங்கு, நீலக்கல், செவ்வந்திக்கல், கடல்நீர் நிறமுடைய பெரில் ஆகியவை எல்லாப் படிநிலையிலும் கிடைத்துள்ளன: உடைத்த கல், தீட்டிய கல், துளையிடும்போது பிளந்துபோன மணி, முடிந்த மணி. பிளந்த மணிதான் என்னை வெகுநேரம் நிற்க வைத்தது. பல நாள் உழைப்பு ஒரு நொடியில் வீணானபோது அந்தத் தொழிலாளி என்ன சொல்லியிருப்பான்!

மூலப்பொருளிற் பெரும்பகுதி அண்மையிலேயே கிடைத்தது. காங்கேயத்தை அடுத்த படியூரில் பெரில் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அங்கே தோண்டி எடுத்தனர். சிவன்மலைப் பக்கத்தில் குருந்தக்கல் உண்டு. அக்கல்லை ஆங்கிலேயர் இன்று அழைக்கும் பெயரே நம் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து பிறந்ததாகும். உரோமானிய அறிஞர் பிளினி, பெரில் இந்தியாவில் விளைவது, பிறநாடுகளில் அரிது என்று முதல் நூற்றாண்டில் எழுதி வைத்தார். ஆனால் சூதுபவளம் இந்நிலத்துக் கல்லன்று. குசராத்துப் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும். ஒரே ஈமக்குழியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. இத்தனை தொலைவுத் தொடர்பு ஒரு தொழிலூருக்கு இருந்தது.

பின்னர் அவ்வூர் அடங்கியது. இன்று அதே நொய்யலின் மேற்கே திருப்பூர் பின்னலாடையால் உலகோடு உறவாடுகிறது. பூண்டியின் சாலையோரத்தில் சிற்பிகளின் உளி ஒலிக்கிறது. இடையே ஒரு வேறுபாடு உண்டு. கொடுமணல் விட்டுச் சென்றது ஓடும் கசடும். நம் காலத்துச் சாயக்கழிவோ ஆற்றையே கெடுத்தது. கொடுமணலுக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் 1992இல் முடிந்த அணை, பாசனத்திற்குக் கட்டியது. அதில் நின்ற நீர் பயிருக்கு உதவாததாயிற்று. உழவர் வழக்குத் தொடுத்தனர். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. கழிவுநீரை வெளியே விடாது சுத்திகரிக்கும் ஏற்பாடு அதன் பின்னரே வலுப்பெற்றது.

ஓடுகளுக்குத் திரும்புவோம், எனக்குப் பொற்காசினும் அவையே பெரிது. நூற்றுக்கணக்கான ஓடுகளில் தமிழ்ப் பிராமி எழுத்து உண்டு. ஆதன் என்று தமிழ்ப்பெயர் இருக்கிறது. விசாகி, சுமணன் என்று வடபுலச் சாயலுடைய பெயர்களும் இருக்கின்றன. வணிகக் குழுவைக் குறிக்கும் 'நிகம' என்ற சொல்லும் ஓர் ஓட்டில் உண்டு. இவற்றுட் பெரும்பாலானவை பானையைச் சுட்ட பின்பு கீறியவை. அதாவது குயவன் எழுதியதன்று. வாங்கியவர் வீட்டில் எழுதியது. என் பானை உன் பானையோடு கலந்துவிடக் கூடாது என்னும் சிறிய கவலை! அந்தக் கவலையால்தான், எந்தப் புலவரும் பாடாத விசாகியின் பெயரை நாம் அறிகிறோம். நெல்லும் நீரும் வைத்த கலத்தில், கூரிய எதனாலோ, கோணல்மாணலாக அது கீறப்பட்டிருக்கிறது.