செட்டை முந்திய ரன்

ஆங்கிலத்தில் மிக அதிகப் பொருள் கொண்ட சொல் 'செட்' என்றே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 1989இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் அந்த வினைச்சொல்லுக்கு மட்டும் சுமார் 430 பொருள்கள். அவற்றை விளக்க ஏறத்தாழ 60,000 சொற்கள். 2011இல் 645 பொருள்களோடு 'ரன்' அதைத் தாண்டியது. அந்த ஒரு வினைச்சொல்லைத் திருத்தி எழுத பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. எந்திர யுகமே ரன்னை முன்னால் தள்ளியது என்ற விளக்கமும் உடனே வந்தது. விளக்கம் சரிதான், ஆனால் அதற்குச் சான்றாக இந்த எண்ணிக்கையைக் காட்டுவது தவறு.

அந்த எண்கள் பிறக்கும் விதத்தைப் பார்த்தால் இது புரியும். ஜேம்ஸ் முர்ரே 1879இல் இந்த அகராதியின் ஆசிரியர் பொறுப்பை ஏற்று, இரும்புத் தகடு வேய்ந்த ஒரு கொட்டகையில் வேலையைத் தொடங்கினார். தன்னார்வ வாசகர்கள் புத்தகங்களைப் படித்துத் துண்டுச் சீட்டுகளை அனுப்பினார்கள். சீட்டின் இடது மேல்மூலையில் சொல். அதன்கீழ் ஆண்டு, ஆசிரியர், நூல், பக்கம். பிறகு அந்தச் சொல் வந்த வாக்கியம். முர்ரேயின் பிள்ளைகளும் உட்கார்ந்து அவற்றை அகர வரிசைப்படுத்தினார்கள். அந்தச் சீட்டுகளைப் பிரித்து அடுக்கி, இங்கே ஒரு பொருள் முடிகிறது, அடுத்தது தொடங்குகிறது என்று கோடு போடுவது ஆசிரியரின் தீர்ப்பு. ஒருவர் மூன்றாகப் பிரிப்பதை இன்னொருவர் ஒன்றாகவே வைப்பார். தவிர, மூன்றாம் பதிப்பின் திருத்த வேலை 'எம்' எழுத்தில் தொடங்கி, வரிசையாக நகர்ந்து 2011இல்தான் ரன்னை எட்டியது. செட் அப்போது பழைய உருவிலேயே இருந்தது. புதுக் கணக்கையும் பழைய கணக்கையும் பக்கத்தில் வைத்து வெற்றி தோல்வி சொல்வது நியாயமில்லை. அலாரம், கேமரா, வெப்பநிலைக் கருவி என்று எந்திரங்கள் செட்டுக்கும் வேலை கொடுத்திருக்கின்றன.

அப்படியானால் எந்திர யுகம் என்ற விளக்கமே விழுந்துவிடாதா? விழாது. ரன்னை செட்டோடு ஒப்பிடாமல், அதன் பழைய உருவோடு ஒப்பிட்டால் போதும். முதல் பதிப்பின் 'ஆர்' பகுதி முதல் உலகப் போருக்கு முன்பே அச்சாகிவிட்டது. கணினியில் நிரலை ஓட்டுவது என்ற பொருள் அதில் இருந்திருக்க வழியே இல்லை. இரண்டு சொற்களின் இயல்பும் வேறு. செட், உட்கார்வதைக் குறிக்கும் சொல்லின் பிறவினை. பந்தி விரிப்பது, முறிந்த எலும்பைப் பொருத்துவது, கண்ணி வைப்பது, அச்சு கோப்பது எல்லாம் அதற்குள் அடங்கும்; பெரும்பாலும் ஒரு கை இருந்து செய்தாக வேண்டும். ரன்னுக்கு அந்தக் கை தேவையில்லை. முதலில் கால் ஓடியது, பிறகு நீரும் குருதியும். நீராவி எந்திரமும் ரயிலும் வந்தபோது தானே இயங்கும் பொருளுக்கான வினை தயாராக இருந்தது.

இது ஆங்கிலத்தின் தனிப் போக்கு என்றும் வாதிடலாம். ஆனால் ஜெர்மன் மொழியிலும் எந்திரம் ஓடுகிறது. பிரெஞ்சில் அது நடக்கிறது. தமிழில் மோட்டார், கடிகாரம், திரைப்படம், கடை எல்லாமே ஓடுகின்றன.