குதிரை ஏறாத மலை

புதுச்சேரிக்கு மலை கிடையாது. மேடு என்று சொல்லிக்கொள்ளக் கோரிமேடு ஒன்று உண்டு. அதுவும் 30 மீட்டர் அளவு உயரம்தான். மலையைப் பார்க்க வேண்டுமென்றால் வடமேற்கே 70 கிலோமீட்டர் போல் போய்ச் செஞ்சியை அடைய வேண்டும். அந்தத் திசையில் போகும் பழைய சாலை நகரத்துக்குள்ளேயே தொடங்குகிறது. அதுதான் வழுதாவூர் சாலை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் மதில் சூழ்ந்திருந்த நகரத்தின் வாசல்களில் ஒன்றுக்கும் வழுதாவூர் வாசல் என்றே பெயர். இன்று பேருந்தும் ஆட்டோவும் நெருக்கியடிக்கும் அந்த வழிக்கும், தமிழர் இன்றும் மறக்காத ஒரு குதிரைச் சவாரிக்கும் தொடர்பு உண்டு.

தேசிங்கு ராஜன் கதைப்பாடலைக் கேட்டவர்களுக்கு அது தெரியும். செஞ்சியில் போர் மூளும் நேரம். தேசிங்கின் உயிர்த் தோழன் முகம்மது கானுக்கு வழுதாவூரில் கல்யாணம். பந்தல் போட்டாயிற்று, உறவினர் கூடியாயிற்று. அப்போது செஞ்சியிலிருந்து ஓலை வருகிறது. மாப்பிள்ளை கல்யாணத்தை அப்படியே விட்டுவிட்டு நீலவேணி மேல் ஏறிச் செஞ்சிக்கு விரைகிறான். நீலவேணி அவன் குதிரை. தேசிங்கின் குதிரைக்குக் கதைப்பாடல் தரும் பெயர் பாராசாரி. காலப்போக்கில் நாவில் எளிதாக நின்ற நீலவேணியையே பலர் தேசிங்குக்கும் கொடுத்துவிட்டார்கள்.

பாட்டு அப்படிச் சொல்ல, ஆவணங்கள் வறட்சியான ஒரு வரி பாக்கியில் தொடங்குகின்றன. ஔரங்கசீப் காலத்தில் செஞ்சிக் கோட்டைக்குப் பொறுப்பாளராக வந்தவர் சரூப் சிங், புந்தேல ராஜபுத்திரர். கடலூரில் ஆங்கிலேயரோடு அவருக்கு மூண்ட சண்டை 1712இல் சமாதானத்தில் முடிந்தபோது நடுவில் நின்று பேசியது புதுச்சேரியின் பிரெஞ்சு அரசு. 1714இல் சரூப் சிங் இறந்தார். மகன் தேஜ் சிங் புந்தேல்கண்டிலிருந்து வந்து கோட்டையை ஏற்றான். தமிழ் நாக்கில் தேசிங்கு ஆனான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பழைய பாக்கியைக் கேட்டார். இளைஞன் கட்ட மறுத்தான்.

1714 அக்டோபர் 3. சங்கராபரணி ஆற்றில் வெள்ளம். தேசிங்கிடம் இருந்தது சில நூறு குதிரை வீரர்கள். எதிரே நின்றது ஆயிரக்கணக்கில். அவன் காத்திருக்கவில்லை, குதிரையோடு வெள்ளத்தில் இறங்கி அக்கரை ஏறினான். அன்றே களத்தில் விழுந்தான். வயது 22. ஆண்டது ஒரு வருடம் கூட இல்லை. அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாகவே நவாப் ராணிப்பேட்டையை உண்டாக்கினார் என்பார்கள். அதே சங்கராபரணிதான் வில்லியனூர், திருக்காஞ்சி வழியாக வந்து புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் கலக்கிறது.

இத்தனை சிறிய ஆட்சிக்கு இத்தனை பெரிய கதை எப்படி வந்தது? வீரம் ஒரு காரணம், சந்தேகமில்லை. ஆனால் கதையைத் தூக்கிச் சென்றது குதிரை என்றே சொல்லத் தோன்றுகிறது. கதைப்பாடலில் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. டெல்லி பாதுஷாவிடம் யாருக்கும் அடங்காத ஒரு குதிரை. அடக்கப் போன தேசிங்கின் தகப்பன் தோற்றுச் சிறையில் கிடக்கிறான். பிறகு சிறுவன் தேசிங்கு போய் அதை அடக்கித் தகப்பனை மீட்கிறான். குதிரையும் அவனுக்கே ஆகிறது. மனைவியின் முகத்தை அவன் பார்த்ததே இல்லை. போருக்குப் புறப்படும் நாளில் திரைக்கு இப்பால் நின்றுதான் விடைபெறுகிறான். ராணியைவிடப் பாராசாரி அவனுக்கு நெருக்கம் என்று கேட்பவர் நினைத்தால் அது பாட்டுக்காரர் வேண்டுமென்றே செய்ததுதான்.

குதிரை இந்த மண்ணில் எளிதாக விளைந்த செல்வமும் அல்ல. காவிரிப்பூம்பட்டினத்துக் கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை பதிவு செய்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் பெருந்தொகை கொடுத்து அரபு நாட்டுக் குதிரைகளை வாங்குவதையும், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் அவை மடிவதையும் எழுதிவைத்தார். அதனால் குதிரை என்பது அந்தஸ்தின் கணக்காகவும் ஆயிற்று. புதுச்சேரியின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளைக்கு முசாபர் ஜங் கொடுத்த பட்டம் 3,000 குதிரை மன்சப். வணிகரான பிள்ளையின் லாயத்தில் அத்தனை குதிரைகள் நிற்கவில்லை, எண்ணிக்கை மரியாதைக்காக.

இனி மலைக்கு வருவோம். நாட்காட்டிப் படங்களில் தேசிங்கு கோட்டை உச்சியில் குதிரை மேல் வீற்றிருப்பான். நேரில் பார்த்தவர் அதை நம்ப மாட்டார். செஞ்சி என்பது ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை மதிலால் இணைத்த கோட்டை. ராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரம். செங்குத்தான கல் படிகள், இடையிடையே வாசல்கள், உச்சிக்குக் கீழே ஒரு பிளவு. 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் கொண்ட அதைக் கடக்க இழுத்துக்கொள்ளும் மரப்பாலம். நாலைந்து பேர் நின்றால் ஒரு படையையே தடுக்கலாம். குதிரைக்கு அங்கே வேலை இல்லை. அது கீழ்க்கோட்டைக்குரியது: கல்யாண மகாலுக்குப் பக்கத்தில் வளைவு வளைவாக நிற்கும் லாயமும், குன்றுகளுக்கு நடுவே விரியும் வெளியும்தான் அதன் உலகம். மலைச் சவாரி என்று தேசிங்குக்கு வாய்த்ததும் பாறைகளின் அடிவாரத்தில், புளியமர நிழலில், குளக்கரைகளைச் சுற்றிப் போனதாகத்தான் இருந்திருக்கும். வடக்கே சிங்கவரம் குடைவரைக்கும் அவன் போயிருப்பான். போர் வேண்டாமென்று அங்குள்ள ரங்கநாதர் முகம் திருப்பிக்கொண்டார் என்பது இன்றும் ஊரார் சொல்லும் கதை.

1750 செப்டம்பரில் புதுச்சேரியிலிருந்து கிளம்பிய பிரெஞ்சுப் படை, புஸ்ஸியின் தலைமையில் ஒரே இரவில் இதே கோட்டையைப் பிடித்தது. மலை மேல் காலால் ஏறித்தான். 1761இல் புதுச்சேரி வீழ்ந்த சில மாதங்களில் செஞ்சியும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதற்குள் வேங்கடரமணர் கோயிலின் அழகான கல் தூண்கள் வண்டியேறிக் கடற்கரைக்கு வந்துவிட்டன. புதுச்சேரி காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை அவைதான். மாலையில் அங்கே சுண்டல் சாப்பிடுபவர்களுக்குச் செஞ்சி அவ்வளவு பக்கம்.

பாட்டு அச்சேறிப் பெரிய எழுத்துப் புத்தகமாயிற்று, தெருக்கூத்தாயிற்று, 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘ராஜா தேசிங்கு’ ஆயிற்று. செஞ்சிக்குப் பக்கத்து நீலாம்பூண்டியில் முகம்மது கானும் அவன் குதிரையும் அடங்கியிருப்பதாக ஊர் வழக்கு.

2025 ஜூலையில், மராட்டியரின் இராணுவ நிலவெளி என்ற தொகுப்பில் 12 கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சியும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. மராட்டியர் கணக்கில் சேர்ந்த கோட்டைக்கு ராஜபுத்திர இளைஞனின் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் உள்ளூரார் வருகிறார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் வெயில் ஏறுமுன் உச்சியைத் தொட வேண்டுமென்று நேரே ராஜகிரிப் படிக்கு ஓடுகிறார்கள். குதிரைக் கதைக்காக வருகிறவர் முதலில் கீழே கல்யாண மகால் பக்கம் திரும்பி அந்த லாய வளைவுகளைப் பார்த்துவிடுவது நல்லது. இறங்கி வரும்போது கால் கெஞ்சும்.