நிலமே போனாலும் நாடு இருக்குமா? துவாலுவை உலகம் ஏன் உற்றுப் பார்க்கிறது?

'ட்விட்ச்' மாதிரியான நேரலைத் தளங்களின் முகவரி '.டிவி' என்று முடிவதைக் கவனித்திருப்பீர்கள். டெலிவிஷனின் சுருக்கம்தானே என்று நினைத்தால், அதுதான் இல்லை. இந்தியாவுக்கு '.இன்' மாதிரி, துவாலு என்ற குட்டி நாட்டுக்கு ஒதுக்கப்பட்ட இணையக் குறியீடு அது. அந்த நாட்டைத்தான் கடல் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கிக்கொண்டிருக்கிறது.

எங்கே இருக்கிறது?

பசிபிக் பெருங்கடலில், ஹவாய்க்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஏறத்தாழ நடுவில். 9 பவளத் தீவுகள், மொத்த நிலப்பரப்பு வெறும் 26 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை சுமார் 11,000. இதில் பாதிக்கும் மேற்பட்டோர் தலைநகர் ஃபுனாஃபுட்டியில் வசிக்கிறார்கள். இடம் எவ்வளவு நெருக்கடி என்றால், விமானம் வராத நேரத்தில் ஓடுபாதைதான் விளையாட்டு மைதானம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படை போட்ட ஓடுபாதை அது.

'துவாலு' என்றால் 'சேர்ந்து நிற்கும் எட்டு' என்று பொருள். தீவுகள் 9 ஆச்சே? முன்பு மக்கள் நிரந்தரமாக வாழ்ந்தது 8 தீவுகளில்தான். அதனால் அந்தப் பெயர்.

எப்படி உருவானது?

பிரிட்டிஷ் ஆட்சியில் இதன் பெயர் எல்லிஸ் தீவுகள். பக்கத்திலிருக்கும் கில்பர்ட் தீவுகளோடு (இன்றைய கிரிபாட்டி) சேர்த்து ஒரே காலனியாக வைத்திருந்தார்கள். ஆனால் அங்கே பெரும்பாலும் மைக்ரோனேசியர்கள், இங்கே பாலினேசியர்கள். மொழியும் வேறு. 1974-ல் நடந்த வாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பிரிந்துபோகவே வாக்களித்தார்கள். 1978 அக்டோபர் 1-ல் சுதந்திரம் கிடைத்தது. இன்றும் பிரிட்டிஷ் மன்னர்தான் பெயரளவில் நாட்டின் தலைவர். நாடாளுமன்றத்தில் 16 உறுப்பினர்கள். அரசியல் கட்சிகளே கிடையாது!

வருமானம் எங்கிருந்து?

மண்ணில் பெரிதாக எதுவும் விளைவதில்லை. ஆறு கிடையாது, குடிக்க மழைநீர்தான். ஆனால் தீவுகளைச் சுற்றிப் பல லட்சம் சதுர கிலோமீட்டர் கடல் துவாலுவின் உரிமை. அங்கே சூரை மீன் பிடிக்க வரும் வெளிநாட்டுக் கப்பல்கள் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். அடுத்தது '.டிவி' குத்தகைப் பணம். 2000-ல் ஐ.நா.வில் உறுப்பினராகச் சேர்வதற்கான செலவுக்குக் கைகொடுத்ததும் இந்தப் பணம்தான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மீனும் சரி, '.டிவி'யும் சரி, துவாலு 'ஒரு நாடு' என்பதால் கிடைப்பவை. நாடு என்ற அந்தஸ்து போனால் இரண்டுமே கேள்விக்குறி.

ஆபத்து எவ்வளவு பக்கத்தில்?

நாட்டின் மிக உயரமான இடமே கடல் மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவு. கடந்த 30 ஆண்டுகளில் இங்கே கடல் மட்டம் சுமார் 15 சென்டிமீட்டர் உயர்ந்திருப்பதாக நாசா சொல்கிறது. 2050-க்குள் நிலத்தின் பெரும்பகுதி, இன்றைய உயர் அலை மட்டத்துக்குக் கீழே போய்விடும் என்பது அதன் கணிப்பு.

சுவர் கட்டித் தடுக்கலாமே? அங்கேதான் சிக்கல். பவளப்பாறை நிலம் சல்லடை மாதிரி. கடல் ஏறும்போது தண்ணீர் தரைக்கு அடியிலிருந்தே ஊறி மேலே வருகிறது. குழி வெட்டிப் பயிரிடும் 'புலாக்கா' என்ற கிழங்கு, உப்பு ஏறி அழுகிவிடுகிறது. இதற்கிடையே மணல் கொட்டி, ஃபுனாஃபுட்டியில் 7 ஹெக்டேருக்கும் மேல் புது நிலத்தை உயர்த்தியிருக்கிறார்கள்.

மக்கள் எங்கே போவார்கள்?

2023 நவம்பரில் ஆஸ்திரேலியாவோடு 'ஃபலேபிலி' ஒப்பந்தம் கையெழுத்தானது. இதன்படி ஆண்டுக்கு 280 பேர் அங்கே நிரந்தரமாகக் குடியேறலாம். குலுக்கல் முறையில் தேர்வு. 2025-ல் முதல் குலுக்கலுக்குப் பதிவு செய்தவர்கள், குடும்பத்தினரையும் சேர்த்து, 8,750 பேர். அதாவது நாட்டில் பெரும்பாலானோர். குடியேறினாலும் சொந்த ஊருக்குப் போய்வரத் தடையில்லை.

ஆனால் சும்மா கிடைத்த சலுகை இல்லை இது. வேறு எந்த நாட்டோடும் பாதுகாப்பு உடன்பாடு செய்வதென்றால், துவாலு இனி ஆஸ்திரேலியாவின் சம்மதத்தைப் பெற வேண்டும். இறையாண்மையை விட்டுக்கொடுப்பதா என்ற விமர்சனம் உள்நாட்டிலேயே எழுந்தது.

அப்போ, நாடு?

2021-ல் அப்போதைய வெளியுறவு அமைச்சர் சைமன் கோஃபே, முழங்கால் அளவு கடல்நீரில் நின்றபடி காலநிலை மாநாட்டுக்குப் பேசிய வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. அடுத்த கட்டமாக, 2023-ல் அரசியலமைப்புச் சட்டத்தையே மாற்றினார்கள். நிலம் போனாலும் துவாலு என்ற நாடு நிரந்தரமாகத் தொடரும் என்று எழுதி வைத்துவிட்டார்கள். ஆஸ்திரேலிய ஒப்பந்தமும் இதை ஏற்றுக்கொள்கிறது.

2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றமும் இந்தப் பக்கமே சாய்ந்தது. நிலம் போன்ற ஓர் அம்சம் மறைந்தாலே நாடு என்ற தகுதியும் போய்விடும் என்று சொல்ல முடியாது என்பது அதன் ஆலோசனைக் கருத்து. இது எந்த நாட்டையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பு அல்ல. ஆனாலும், கடலும் '.டிவி'யும் கடைசிவரை எங்களுடையதுதான் என்று வாதாட, துவாலு கையில் இப்போது ஒரு பிடிமானம் இருக்கிறது.