நான் போற்றும் பெரியார்: வைத்தியர் கிறீன்

பாடசாலைகளிலே ஆண்டுதோறும் தவறாது கொடுக்கப்படும் கட்டுரைத் தலைப்பு ஒன்றுண்டு. "நான் பெரிதும் போற்றும் பெரியார்" என்பது அது. மாணவர் காந்தியடிகளைப் பற்றி எழுதுவர். ஆறுமுகநாவலரைப் பற்றி எழுதுவர். விபுலானந்த அடிகளைப் பற்றி எழுதுவர். சிலர் தம் தாயைப் பற்றி எழுதி நம் கண்ணைக் கலங்கச் செய்வதும் உண்டு. சென்ற ஆண்டு ஒரு மாணவி தன் கட்டுரைத் தாளை என் மேசைமீது வைத்துவிட்டு, "ஐயா, நீங்கள் எழுதுவதானால் யாரைப் பற்றி எழுதுவீர்கள்?" என்று வினாவினாள். வினாவைக் கொடுத்தே பழகிய எனக்கு விடை உடனே வரவில்லை. அன்று அவளுக்குச் சொல்லாத விடையை இன்று உங்கள் முன்னிலையிற் சொல்ல எண்ணுகின்றேன்.

நான் போற்றும் பெரியார் தமிழரல்லர், இந்நாட்டவருமல்லர். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே, மசாசுசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் என்னும் ஊரிலே, 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் வைத்தியரே அவர். அவருடைய தமையனார் அந்துரு கிறீன், நியூயோர்க் நகரின் மத்திய பூங்காவை அமைப்பதில் முன்னின்றவர். 1898இல் அயலிலுள்ள நகரங்களும் நியூயோர்க்கும் ஒன்றாய் இணைந்து பெருநகராவதற்குக் காரணமானவர். இளையவர் சென்ற வழி வேறு. 1845இல் நியூயோர்க்கில் மருத்துவப் பட்டம் பெற்று, 1847இல் கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாயிற் குடியமர்ந்து வைத்தியசாலை நடாத்தலானார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து. தமிழ் அவர் அறியாத பாஷை.

அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்திற்கு வந்தது 1816ஆம் ஆண்டு. கிறீனுக்கு முன்னரே பண்டத்தரிப்பில் ஸ்கடர் என்னும் வைத்தியர் பணியாற்றியிருந்தார். 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரி மேலைத்தேயக் கல்வியை ஆங்கிலத்திற் புகட்டி வந்தது. ஆகவே, ஆங்கிலங் கற்ற இளைஞர் சிலரைச் சேர்த்து, ஆங்கில வாயிலாகவே மருத்துவம் பயிற்றுவது கிறீனுக்கு எளிதாயிருந்தது. அவ்வாறே அவரும் தொடங்கினார்.

ஆனால், சில ஆண்டுகளில் அவர் ஓர் உண்மையைக் கண்டுகொண்டார். ஆங்கிலத்திற் கற்றுத் தேறியவர் ஊரிலே தங்கவில்லை. அரசாங்க உத்தியோகமும் நல்ல சம்பளமும் அவர்களை வெளியூருக்கு அழைத்தன. மானிப்பாயிலும் சண்டிலிப்பாயிலும் நோயுற்றுக் கிடந்த குடியானவன், வகுப்பு நடப்பதற்கு முன் எந்நிலையில் இருந்தானோ அந்நிலையிலேயே இருந்தான். இதற்காகக் கிறீன் மாணவரைக் குறை கூறிக்கொண்டிருக்கவில்லை. தாம் கற்பிக்கும் முறையைத்தான் ஆராய்ந்தார். ஊருக்கு வேண்டிய வைத்தியன் ஊர்ப் பாஷையிற் கற்றவனாய், ஊராரின் உடையும் நடையும் மாறாதவனாய், அம்மக்கள் கொடுக்கும் கூலியைக் கொண்டு அவர்களிடையே வாழ்பவனாய் இருத்தல் வேண்டும் என்று முடிவு செய்தார். தம் மாணாக்கர் ஐரோப்பிய உடைக்கு மாறுவதைக் கூட அவர் விரும்பவில்லை.

முடிவு செய்வது எளிது. கற்பிப்பதற்கு நூல் எங்கே? நம் நாட்டிலே சித்த வைத்தியமும் ஆயுள்வேதமும் உண்டு. அவற்றுக்குரிய ஏடுகளும் உண்டு. மேலைத்தேய மருத்துவத்தை முறையாகக் கற்பிக்கும் தமிழ் நூல்கள் அக்காலத்தில் இல்லை. அவற்றை ஆக்கும் தொழிலைக் கிறீன் தாமே மேற்கொண்டார். 1852இல் உடலின் அமைப்பையும் தொழிலையும் கூறும் நூல் வெளிவந்தது. 1857இல் பிரசவ வைத்தியம் வந்தது. அவ்வாண்டு உடல் நலங் குன்றித் தாயகம் சென்றவர், 1862இல் மீண்டும் வந்தார். 1864இல் முழுவதும் தமிழிலேயே மருத்துவ வகுப்பை நடாத்தத் தொடங்கினார். 1867இல் இரணவைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும், 1875இல் கெமிஸ்தம் என நூல்கள் தொடர்ந்தன. எல்லாம் சேர்ந்து 4,000 பக்கங்களுக்கு மேற்பட்டவை.

இவற்றுள் மனுஷ அங்காதிபாதத்தைச் சற்றே சிந்தியுங்கள். கிறே முதலிய ஆசிரியரின் நூல்களைத் தழுவி அது எழுந்தது. கிறே என்பார் உடற்கூறு பற்றி எழுதிய புகழ்பெற்ற நூல் இலண்டனில் வெளிவந்தது 1858இல். பதினான்கே ஆண்டுகளில், தந்தியும் புகைவண்டியும் பரவத் தொடங்கிய அக்காலத்திலே, அவ்வறிவு யாழ்ப்பாணத்து மாணவன் கையிலே தமிழாய் இருந்தது.

மருத்துவ நூலை மொழிபெயர்ப்பது கதையை மொழிபெயர்ப்பது போன்றதன்று. நம் ஊர் வழக்கிலே குருதி ஓடும் குழாயையும் நரம்பு என்போம். உணர்ச்சியைக் கொண்டு செல்லும் இழையையும் நரம்பு என்போம். வீட்டுப் பேச்சில் அதனால் கேடில்லை. அறுவை செய்வோன் படிக்கும் நூலில் இரண்டுக்கும் ஒரே சொல் நின்றால், பிழைக்க வேண்டிய உயிர் கத்தியின் கீழே போய்விடும். ஆகவே, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்தே இட வேண்டியிருந்தது. கிறீன் இதனை எவ்வாறு செய்தார் என்பதை நூற்பெயர்களே காட்டுகின்றன. 'இரணவைத்தியம்', 'பிரசவ வைத்தியம்' என்பன மக்கள் வாயில் வழங்கிய சொற்களால் அமைந்தவை. அது போதாத இடத்தில் வடமொழியை நாடி 'அங்காதிபாதம்' என்றார். இரண்டும் உதவாத இடத்தில் ஆங்கிலச் சொல்லையே எடுத்துத் தமிழ் ஈறு கொடுத்துக் 'கெமிஸ்தம்' என்றார். வெட்கமும் இல்லை, வீம்பும் இல்லை. கற்பவனுக்கு விளங்க வேண்டும் என்பது ஒன்றே அளவுகோல். இவ்வேலையைத் தனித்துச் செய்ததாகவும் அவர் காட்டிக்கொள்ளவில்லை. சாப்மன், டான்போர்த் என்னும் பெயர் பூண்ட தம் தமிழ் மாணாக்கரையே தம்மோடு சேர்த்துக்கொண்டார். கற்றவர் ஆசிரியராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் உயர்ந்தனர்.

1873இல் உடல் நலிந்து அமெரிக்கா திரும்பினார். அத்துடன் தம் கடமை முடிந்தது என்று ஓய்ந்திருந்தால் யார் குறை கூறுவர்? வூஸ்ரரில் இருந்துகொண்டே தமிழ் மருத்துவ நூல்களுக்காக உழைத்தார். மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது. 1884ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் நாள் அவர் காலமானார். தமக்குக் கல்லறை எழுப்பப்படுமாயின், தமிழருக்கு மருத்துவ ஊழியஞ் செய்த நற்செய்தியாளன் என்னும் கருத்தமைந்த வாசகமே அதிற் பொறிக்கப்பட வேண்டும் என்று அவர் விரும்பியிருந்தார். தம்மை இன்னாரென்று உலகம் அறிவதற்கு 'தமிழர்' என்னும் பெயர் அருகே வேண்டும் என்று கருதிய அந்த அந்நியரை எண்ணுந்தோறும் எனக்கு மெய் சிலிர்க்கின்றது.

நேயர்களே, இவரைப் போற்றுவது எனக்கு இலேசான காரியமாய் இருக்கவில்லை என்பதையும் ஒளியாது சொல்ல வேண்டும். கிறீன் சமயம் பரப்ப வந்தவர். மருந்தையும் மதத்தையும் ஒரே கையால் வழங்கியவர். நம் முன்னோரின் வழிபாட்டை அவர் மதித்தாரென்று சொல்ல முடியாது. நானோ நாவலர் மரபிலே வளர்ந்தவன். நாவலர் பெருமானும் அதே 1822ஆம் ஆண்டு, டிசெம்பர் மாதத்தில், நல்லூரில் அவதரித்தவர். கிறீன் மானிப்பாயில் அமர்ந்த அதே 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவர். மிசனரிமாரின் மதமாற்றத்தை எதிர்த்துத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர். ஒருவர் கட்டியதை மற்றவர் தடுத்தார் என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

வயது முதிர முதிர, இருவரும் ஒரு துறையில் ஒரே வேலையைச் செய்தனர் என்பது எனக்குப் புலனாயிற்று. செய்யுளிலும் ஏட்டிலும் இருந்த அறிவைத் தெளிந்த உரைநடையிலே அச்சேற்றி, பாடசாலைப் பிள்ளையின் கைக்கு எட்டச் செய்தவர் நாவலர். அயல்நாட்டுப் பாஷையில் இருந்த அறிவைத் தமிழ் உரைநடையிலே அச்சேற்றி, ஊர் வைத்தியனின் கைக்கு எட்டச் செய்தவர் கிறீன். சமயத்தில் நான் நாவலர் பக்கமே நிற்கின்றேன். அதனாற் கிறீனின் உழைப்பை மறைப்பேனாயின் அது நன்றி மறத்தலாகும்.

அவர் தொடங்கிய பணி நீடித்ததா? இல்லை. 1870இல் கொழும்பில் ஏற்பட்ட மருத்துவப் பள்ளி ஆங்கிலத்திற் கற்பித்தது. உத்தியோகத்துக்கு வழி அதுவே ஆயிற்று. கிறீன் சென்ற பின்னர் தமிழ் மருத்துவ வகுப்புகள் நெடுங்காலம் நிலைக்கவில்லை. நூல்கள் அலுமாரியில் உறங்கின. ஆயினும் சொல்லாக்கம் என்னும் எண்ணம் உறங்கவில்லை. 1936இல் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்கு நம் விபுலானந்த அடிகள் தலைமை தாங்கினார். பின்னர் இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் பாடந்தோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. அதன் பயனாக நம் பிள்ளைகள் உயர்தர வகுப்பு வரை உயிரியலைத் தமிழிற் கற்கின்றனர். மருத்துவ பீடத்தினுட் புகுந்ததும் ஆங்கிலமே பாஷையாகின்றது. ஆங்கிலம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. உலக அறிவுக்கு அது வேண்டும். ஆனால், வைத்தியர் நோயாளிக்கு நோயை விளக்க வேண்டிய நேரத்திலே சொல்லில்லாமல் தடுமாறுவாராயின், கிறீன் 1864இல் விடுத்த வினா இன்றும் விடையின்றி நிற்கின்றது என்பதே பொருள்.

இனி, அந்த மாணவிக்கு நான் சொல்ல வேண்டிய உண்மைக் காரணம் ஒன்று எஞ்சியிருக்கின்றது. நான் இளம் ஆசிரியனாயிருந்த காலத்தில், ஒரு நாள் கைத்தொழிற் புரட்சியைப் பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தேன். நீராவிப் பொறியின் உறுப்பு ஒன்றைச் சுட்டி, "இதற்குத் தமிழில் என்ன பெயர், ஐயா?" என்று ஒரு பையன் கேட்டான். "அதற்கெல்லாம் தமிழிற் சொல் கிடையாது, இரு" என்று அவனை அமர்த்திவிட்டேன். அவனும் இருந்துவிட்டான். பின்பு ஒரு பொழுதும் அவன் என் வகுப்பில் வினா எழுப்பியதாக நினைவில்லை.

பல ஆண்டுகள் கழித்துக் கிறீனின் வரலாற்றைப் படித்தபோது, அந்தப் பையனின் முகமே என் கண்முன் வந்தது. தமிழில் இல்லை என்று நான் சொன்னது பொய். எனக்குத் தெரியாது என்பதே மெய். இருபத்தைந்து வயது வரை ஒரு தமிழ்ச் சொல்லும் அறியாதிருந்த ஒருவர், தமக்குத் தெரியாததைத் தமிழின் குறையாகக் கூறவில்லை, தேடினார். தமிழையே தாய்ப்பாலோடு பருகிய நான், தேடும் சிரமத்துக்கு அஞ்சிப் பழியைத் தாயின்மீது போட்டேன். அன்று முதல் என் வகுப்பிலும் என் பாடசாலையிலும் ஒரு வழக்கம் உண்டு. சொல் தெரியாத இடத்தில் ஆசிரியர், "நாளைக்குத் தேடிக்கொண்டு வருகின்றேன்" என்று சொல்ல வேண்டும். தேடிக்கொண்டு வரவும் வேண்டும்.

மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய வைத்தியசாலை இன்றும் இருக்கின்றது. அவ்வழியே செல்வோர் பலர் அப்பெயர் யாருடையது என்று அறியார். பிள்ளைகளோடு அவ்வழியே போகும் பெற்றோர், ஒரு கணம் நின்று, அவர் யார் என்பதைச் சொல்லிச் செல்லுங்கள். என் மாணவியே, நீ இவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருப்பாயாயின், உன் வினாவுக்கு விடை இதுவே.