பெயரற்ற உடல்: வெண்கலச் சிலையும் அதன் மாதிரியும்

சிலையைப் பார்த்தால் ‘இது யார்?’ என்று கேட்பது நம் பழக்கம். ‘யாரைப் பார்த்து இதைச் செய்தார்கள்?’ என்று கேட்பதில்லை. முதல் கேள்வி அடையாளத்தைப் பற்றியது. இரண்டாவது, அந்த அடையாளத்துக்காகத் தன் உடலைக் கொடுத்து நின்றவரைப் பற்றியது. நம் கலைவரலாற்று எழுத்து முதல் கேள்வியோடு திருப்திப்பட்டுக்கொள்கிறது.

1987இல் விழுப்புரத்தை அடுத்த எசாலத்தில் முதலாம் ராஜேந்திரனின் செப்பேடுகளும் செப்புத் திருமேனிகளும் கிடைத்தன. ஒரே இடத்தில் இரண்டுவிதமான உலோகப் பிரதிகள். செப்பேடு ஓயாமல் பேசுகிறது: யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, எந்த நிலம். திருமேனி மௌனமாக இருக்கிறது. அதற்கு மனித மாதிரி தேவைப்படவில்லை. தியான சுலோகமும் தாளமானமும் கையில் இருக்க, ஸ்தபதி மெழுகில் உருவைப் பிடிக்கிறார். மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகம் வந்து உட்காருகிறது. அந்த உடலில் நரம்பு புடைப்பதில்லை, தசை முறுக்கேறுவதில்லை. உழைத்து அலுத்த உடலின் தடயம் எதையும் அந்த இலக்கணம் உள்ளே விடுவதில்லை.

16ஆம் நூற்றாண்டில் வேறொன்று நடக்கிறது. திருமலைக் கோயிலில் கிருஷ்ணதேவராயர் இரு தேவியரோடு கைகூப்பி நிற்கும் உலோக உருவங்கள் உள்ளன. பெயர்கள் அவற்றின் மீதே பொறிக்கப்பட்டிருக்கின்றன. முகத்தை நம்பி விட்டுவிடவில்லை, எழுத்தும் வேண்டியிருக்கிறது. தெய்வத்தின் முன் பணிந்து நிற்கும்போதும் அதிகாரம் தன் பெயரை விட்டுக்கொடுப்பதில்லை.

உழைக்கிற உடல் தமிழ்நாட்டில் பெரிய அளவில் வெண்கலத்துக்குள் வருவதற்கு 1959 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஜனவரி 25 அன்று மெரினாவில் திறக்கப்பட்டது உழைப்பாளர் சிலை. செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. வங்கத்தில் பிறந்து, 1929 முதல் ஏறத்தாழ முப்பதாண்டுகள் சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைமை வகித்தவர். அப்பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். நான்கு ஆட்கள் ஒரு பாறையோடு மல்லுக்கட்டுகிறார்கள். முதுகு வளைந்திருக்கிறது, கால் மண்ணில் ஊன்றியிருக்கிறது, விலா தெரிகிறது. ஓவியப் பள்ளியின் காவலாளியும் ஒரு மாணவரும் இதற்கு மாதிரியாக நின்றார்கள் என்று சென்னையில் சொல்லப்பட்டு வருகிறது.

ராய் சௌத்ரியைப் பற்றிப் பேசுகிறவர்கள் உடனே ரோதேனை இழுப்பார்கள். இழுக்கட்டும். ஆனால் முழுக்க இழுக்க வேண்டும். ரோதேனின் ‘வெண்கல யுகம்’ 1877இல் காட்சிக்கு வந்தபோது, உயிருள்ள உடலின்மீதே நேரடியாக அச்செடுத்துவிட்டார் என்று குற்றம் சாட்டினார்கள். தன் பெயரைக் காப்பாற்ற ரோதேன் தன் மாதிரியைப் புகைப்படம் எடுக்க வைத்தார். ஓகுஸ்த் நெய்த் என்ற பெல்ஜியச் சிப்பாய் இப்படித்தான் வரலாற்றுக்குள் வந்தான். அவன்மேல் இருந்த அக்கறையால் அல்ல. சிற்பியின் நேர்மைக்குச் சாட்சி தேவைப்பட்டதால். சென்னையில் அப்படி எந்த வழக்கும் எழவில்லை. சாட்சிக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

மார்க்சிய நண்பர்கள் இங்கே குறுக்கிடுவார்கள்: ‘அது தனிமனிதர் சிலை இல்லப்பா, வர்க்கத்தின் சிலை. பெயர் வைத்தால் பொதுத்தன்மை போய்விடும்.’ நியாயமான வாதம்தான். 1923இல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய அதே கடற்கரையில் நிற்கும் சிலை அது. கூட்டுத்தன்மையை அதனிடமிருந்து யாரும் பறிக்கப் போவதில்லை. ஆனால் ‘வெண்கல யுக’மும் நெய்த்தின் உருவச்சிலை அல்லவே. அவன் பெயர் தெரிந்ததால் அந்தச் சிற்பத்தின் பொதுப்பொருள் எந்த விதத்திலும் குறைந்துவிடவில்லை. அதே மெரினாவில் 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைத்த சிலைகளைப் பாருங்கள். கண்ணகியை நேரில் கண்டவர் யாருமில்லை. அவளுக்குப் பெயர் இருக்கிறது. ரத்தமும் சதையுமாக நின்றவர்கள் பெயரற்ற நால்வராகிவிட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாதிரியாக நிற்பதும் உழைப்புதான். பாறையைத் தள்ளுவதுபோல அசையாமல் நிற்பது, உண்மையில் தள்ளுவதற்குக் குறைந்த வேலையில்லை. உழைப்பின் வெற்றியைக் கொண்டாடும் சிலை தன்னை உண்டாக்கிய அந்த உழைப்பை மறைத்துக்கொள்கிறது. அந்த நால்வரில் பெண் இல்லை என்பதும் தற்செயல் அல்ல. திண்டிவனம், வானூர் பக்கத்துக் கல்குவாரிகளில் சம்மட்டியால் ஜல்லி உடைத்த பெண்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, ‘பாறை என்றால் ஆண்பிள்ளை வேலை’ என்ற அந்தக் கற்பனை ஒட்டவே இல்லை. விழுப்புரத்திலிருந்து சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போகும் சித்தாள் பெண்ணுக்கு அந்தச் சிலையில் இடமில்லை.

இதனால் ராய் சௌத்ரி சிறுத்துப் போகமாட்டார். தெய்வத்துக்கும் அரசனுக்கும் மட்டுமே உரியதாக இருந்த உலோகத்தைக் கூலிக்காரனின் முதுகுக்குக் கொடுத்தவர் அவர். முதுகு வந்துவிட்டது, பெயர் வரவில்லை. சிலையைச் செய்தவரின் வரலாற்றோடு சிலைக்காக நின்றவர்களின் வரலாற்றையும் சேர்த்து எழுதுகிற நாளில்தான் நம் நவீனச் சிற்பத்தின் வரலாறு தொடங்கும்.