சின் ஈட்டர் (புதினம்)

சின் ஈட்டர் (பாவம் உண்பவர் எனப் பொருள்படும்) என்பது அமெரிக்க எழுத்தாளரும் நாடக ஆசிரியருமான மேகன் காம்பிசி எழுதிய ஆங்கிலப் புதினம் ஆகும். இது 2020 ஆம் ஆண்டு வெளிவந்தது. ரொட்டி திருடியதற்காக, இறந்தவர்களின் பாவங்களைத் தன்மீது ஏற்கும் வேலைக்குத் தண்டிக்கப்பட்ட மே ஓவன்சு என்னும் 14 வயதுச் சிறுமியின் கதையை இது கூறுகிறது. 16 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தை ஒத்த, ஆனால் ஆசிரியரால் மாற்றியமைக்கப்பட்ட ஒரு கற்பனை நாட்டில் கதை நிகழ்கிறது.

கதைக்களம்

இந்நாட்டை ஆள்பவர் பெத்தனி என்னும் அரசி. இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத்தை மனதில் கொண்டு படைக்கப்பட்ட பாத்திரம் இது. சமயமும் கிறித்தவத்தை ஒத்ததே. எனினும் இங்கு ஏவாளே பாவத்தின் தலைவியாகக் கருதப்படுகிறாள். முதன்முதலில் விலக்கப்பட்ட கனியை உண்டவள் பெண் என்பதால், பாவம் உண்பவர்களும் பெண்களாகவே இருக்க வேண்டும் என்பது அச்சமூகத்தின் விதி.

சாகும் தறுவாயில் இருப்பவரிடம் சென்று அவரது பாவங்களைக் கேட்பது இப்பெண்களின் முதற்பணி. ஒவ்வொரு பாவத்திற்கும் ஓர் உணவு வகுக்கப்பட்டுள்ளது. செருக்குக்கு உப்பு, பொய்க்குக் கடுகு, சாபச் சொல்லுக்கு வாற்கோதுமை என இப்பட்டியல் நீள்கிறது. இறந்த பின் அவ்வுணவுகள் சவப்பெட்டியின்மேல் பரப்பப்படும். அவள் அனைத்தையும் உண்டு முடித்தால் இறந்தவர் தூய்மை அடைகிறார். பாவம் உண்டவளைச் சேர்கிறது. அவள் கழுத்தில் 'எஸ்' எழுத்து பொறித்த, கழற்ற இயலாத பட்டை பூட்டப்படுகிறது. நாவிலும் அதே குறி இடப்படுகிறது. சடங்குச் சொற்களைத் தவிர வேறெதையும் அவள் பேசலாகாது. பிறர் அவளைப் பார்ப்பதும் தொடுவதும் தீங்கு எனக் கருதப்படுகிறது.

மே, ரூத் என்னும் மூத்த பெண்ணிடம் இத்தொழிலைப் பேச்சின்றியே கற்கிறாள். அரசியின் முன்னாள் ஆசிரியையான கார்லிசு ஆசுட்டன் இறக்கும்போது, அவர் சொல்லாத பாவம் ஒன்றைக் குறிக்கும் மானின் இதயம் சவப்பெட்டியின்மேல் வைக்கப்பட்டிருக்கிறது. ரூத் அதை உண்ண மறுத்து, அதற்காகவே சித்திரவதையில் உயிரிழக்கிறாள். அதை வைத்தவர் யார் என்று தேடுவதே மீதிக்கதை. எவரும் திரும்பிப் பார்க்காதவள் என்பதால் அரண்மனையின் எந்த அறைக்கும் அவளால் செல்ல முடிகிறது. விலக்கி வைத்தலையே துப்பறிவதற்கான வழியாக்கியது இப்புதினத்தின் சிறந்த கூறு எனலாம்.

கதையின் மர்மம் ஓர் உண்மை நிகழ்வை ஒட்டியது. இளம் எலிசபெத், எட்டாம் ஹென்றியின் மனைவி கேத்தரின் பாரின் இல்லத்தில் வளர்ந்தபோது, கேத்தரினின் அடுத்த கணவரான தாமசு சீமோர் அவரிடம் முறைகேடாக நடந்துகொண்டதாகப் பேச்சு எழுந்தது. 1549 இல் இது குறித்து விசாரணை நடந்தது. எலிசபெத்தின் ஆசிரியை கேட் ஆசுலி அப்போது இலண்டன் கோபுரத்தில் சிறை வைக்கப்பட்டார்.

உண்மை வழக்கம்

பாவம் உண்ணும் வழக்கம் முழுக் கற்பனை அன்று. ஆனால் சான்றுகள் மிகக் குறைவு. 1680களில் ஜான் ஆப்ரி எழுதிய குறிப்புகளே (அச்சில் வந்தது 1881) முதன்மையானவை. இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்ட்சயர் பகுதியில், ஏழை ஒருவரை அமர்த்தி, பிணத்தின் குறுக்காக ஒரு ரொட்டியும் ஒரு கிண்ணம் பீரும் ஆறு பென்சு காசும் கொடுப்பர் என்றும், அதனால் இறந்தவரின் பாவங்கள் அவரைச் சேரும் என்றும், இறந்தவர் ஆவியாக அலையமாட்டார் என்றும் அவர் குறிப்பிடுகிறார். 1852 இல் மேத்யூ மாக்ரிட்சு என்பவர் வேல்சிலும் இவ்வழக்கம் இருந்ததாகக் கூறினார். பிணத்தின் மார்பில் உப்புத் தட்டு வைத்து, அதன்மேல் ரொட்டியை வைப்பர் என்பது அவர் கூற்று. வேல்சு அறிஞர்கள் பலர் இதை ஏற்கவில்லை.

இவ்வழக்கத்தின் கடைசி ஆளாகக் கருதப்படுபவர் சிராப்சயரைச் சேர்ந்த ரிச்சர்டு மன்சுலோ (இறப்பு 1906). இவர் ஏழை அல்லர், வசதியான உழவர். தம் குழந்தைகளை நோய்க்குப் பறிகொடுத்த துயரால் இதனை மேற்கொண்டார் எனக் கூறப்படுகிறது. அவரது கல்லறை 2010 இல் புதுப்பிக்கப்பட்டது.

சிறுமிகளைத் தண்டனையாக இதில் தள்ளியதற்கும், பாவத்திற்கு ஏற்ப உணவு வகுத்ததற்கும் சான்று எதுவும் இல்லை. இவை காம்பிசியின் கற்பனை. உண்மையில் ஆளைத் தேர்ந்தது நீதிமன்றம் அன்று, பசி. மாணவர்கள் புதினத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாகாது.

ஒத்த வழக்கங்கள்

பழைய ஏற்பாட்டின் லேவியராகமம் 16 ஆம் அதிகாரத்தில் இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள் கூறப்படுகின்றன. ஒன்று பலியிடப்படும், மற்றொன்றின் தலையில் மக்களின் பாவங்கள் ஏற்றப்பட்டு, அது உயிருடன் பாலைநிலத்திற்கு விரட்டப்படும். தமிழில் பிறர் பழியைச் சுமப்பவரைப் பலிகடா என்கிறோம். எனினும் மே போன்றோர் பலியான கடாவைவிட, விரட்டப்பட்ட கடாவையே ஒத்தவர்கள்.

தமிழகத்திலிருந்தும் இரு செய்திகள் உண்டு. 1801 இல் தஞ்சை அரச குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் இறந்தபோது, எரியாது எஞ்சிய எலும்புகளைப் பொடித்துச் சோற்றுடன் கலந்து பன்னிரண்டு பிராமணர்கள் உண்டனர் என்று பிரெஞ்சுப் பாதிரியார் துபுவா எழுதியுள்ளார். இவர்களுக்கு ஊதியமும் கிடைத்தது. நீலகிரிப் படகர்களின் இறப்புச் சடங்கில், இறந்தவரின் பாவங்களைப் பெரியவர் ஒருவர் வரிசையாகச் சொல்லி ஒரு கன்றின்மேல் ஏற்றி, அதை அவிழ்த்துவிடுவதை 19 ஆம் நூற்றாண்டினர் பதிந்துள்ளனர். ஜேம்சு பிரேசரின் த கோல்டன் பௌ நூல் இவ்விரண்டையும் எடுத்தாள்கிறது.

பிற படைப்புகளில்

மேரி வெப்பின் பிரெசியசு பேன் (1924) புதினத்தில், தந்தையின் பாவத்தை ஏற்கும் மகன் அதற்கு விலையாகப் பண்ணையைக் கேட்கிறான். பிரான்சீன் ரிவர்சின் த லாசுட் சின் ஈட்டர் (1998) அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் நிகழ்வது. 2007 இல் திரைப்படமானது. மெலிண்டா சாலிசுபரியின் த சின் ஈட்டர்சு டாட்டர் (2015) முழு மிகுபுனைவு. நைட் கேலரி தொலைக்காட்சித் தொடரின் 1972 ஆம் ஆண்டுப் பகுதி ஒன்றில், பஞ்ச காலத்தில் பாவம் உண்ண அனுப்பப்படும் சிறுவன், உணவை உண்ணாமல் உடைக்குள் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவருகிறான். அங்கே தாய் அதே உணவை, இறந்துபோன தந்தையின் உடலருகே பரப்பி, அவனை உண்ணச் சொல்கிறாள்.