மல்தோவாவின் ஒயின் சுற்றுலா

ருமேனியாவுக்கும் உக்ரைனுக்கும் இடையிலுள்ள சிறு நாடான மல்தோவா, ஐரோப்பாவில் மிகக் குறைவான பயணிகள் வரும் நாடுகளுள் ஒன்றாகவே நெடுங்காலம் அறியப்பட்டது. 2013-க்குப் பிறகு அது ஒயினைத் தன் முகவரியாக்கிக்கொண்டது. பழைய சந்தை கைவிட்டதே அதற்குக் காரணம்.

சோவியத் காலத்தில் இங்கு விளைந்த ஒயின் பெரும்பாலும் சோவியத் ஒன்றியத்துக்குள்ளேயே செலவானது. விடுதலைக்குப் பின்னும் முதன்மை வாடிக்கையாளர் ரஷ்யாதான். தரக்குறைவைக் காரணம் காட்டி 2006-இல் ரஷ்யா இறக்குமதிக்குத் தடை போட்டபோது பல ஆலைகள் தள்ளாடின. ஐரோப்பிய ஒன்றியத்தோடு மல்தோவா நெருங்கிய 2013-இல் மீண்டும் தடை வந்தது. அந்த ஆண்டு உருவான தேசியத் திராட்சை மற்றும் ஒயின் அலுவலகம், ஆலைகள் தனித்தனியே கூவி விற்பதை விட்டு, நாட்டின் பெயரிலேயே ஒரு பொது வணிக அடையாளத்தை முன்வைத்தது. முற்றுகையில் சிக்கிய வீரர்களுக்குச் செங்கால் நாரைகள் திராட்சைக் குலை கொண்டுவந்த நாட்டார் கதை அதன் சின்னத்துக்குக் கைகொடுத்தது. அதே நாரை சோவியத் காலப் பிராந்திப் புட்டிகளில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

2014-இல் பூர்க்காரி ஆலை வெளியிட்ட ‘விடுதலைக் கலவை’ ஒயினில் ஜார்ஜியா, உக்ரைன், மல்தோவா ஆகிய மூன்று நாடுகளுக்குரிய திராட்சை வகைகள் கலந்திருந்தன. அரசியலையே புட்டியில் அடைத்து விற்ற இந்தத் துணிச்சல் பத்திரிகைகளுக்கு நல்ல தீனியானது.

ஆனாலும் பயணிகளை இழுத்துவருவது சின்னமோ முழக்கமோ அன்று, நிலவறைகள்தாம். தலைநகர் கிஷினாவைக் கட்டுவதற்குச் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த சுரங்கங்கள் பின்னாளில் ஒயின் கிடங்குகளாயின. மிலெஷ்டி மீச்சி ஆலையின் சுரங்கம் சுமார் 200 கி.மீ. நீளம், அதில் ஏறக்குறைய 55 கி.மீ. பயன்பாட்டில் உள்ளது. ஏறத்தாழ 15 லட்சம் புட்டிகள் கொண்ட அதன் சேகரிப்பு 2005-இல் கின்னஸ் சாதனையாகப் பதிவானது. பார்வையாளர்கள் காரிலேயே உள்ளே போகலாம் என்பது அதன் தனிப் புகழ். கிரிக்கோவா ஆலையின் சுரங்கமோ சுமார் 120 கி.மீ. அதன் தெருக்களுக்குக் கபர்னே, ஃபெத்தியாஸ்கா என்று திராட்சை வகைகளின் பெயர்கள். மூலைக்கு மூலை ஊரில் உள்ளதுபோலப் பெயர்ப்பலகை. வெளியே கோடை கொளுத்தினாலும் உள்ளே சுமார் 12 பாகை வெப்பம்தான். ஸ்வெட்டர் இல்லாமல் போனவர்கள் நடுங்குவார்கள். 1966-இல் விண்வெளி வீரர் யூரி ககாரின் இங்கு வந்து போனதை வழிகாட்டிகள் விடாமல் சொல்கிறார்கள். அவர் நன்றி தெரிவித்து எழுதிய கடிதம் பார்வைக்கு இருக்கிறது.

அக்டோபர் முதல் வார இறுதியில் கிஷினாவின் நடுச் சதுக்கத்தில் தேசிய ஒயின் நாள் கொண்டாடப்படுகிறது. பெரிய ஆலைகளும் குடும்பத் தோட்டக்காரர்களும் அருகருகே கடைவிரிப்பதால், புதியவர்களுக்கு ஒரே இடத்தில் நாட்டையே சுவைத்த மாதிரி ஆகிவிடும்.

பொது அடையாளத்துக்கு ஒரு குறையும் உண்டு. நாடு முழுவதற்கும் ஒரே பெயர் என்பதால் கோத்ரு, ஷ்டெஃபான் வோடா, டிராஜன் அரண் ஆகிய மூன்று விளைநிலப் பகுதிகளும் தம் தனி முகத்தோடு வெளியே தெரியவில்லை. மண்ணுக்குரிய ஃபெத்தியாஸ்கா நேயாக்ரா, ராரா நேயாக்ரா வகைகளே அந்த வேறுபாட்டைக் காட்டத் தக்கவை. ஆனால் பயணிகள் பலர் தலைநகரை ஒட்டிய இரு சுரங்கங்களைப் பார்த்ததோடு திரும்பிவிடுகிறார்கள். நாட்டின் தென்கிழக்கு மூலையிலுள்ள பூர்க்காரி வரை போகப் பெரும்பாலும் கார் தேவைப்படும்; ஒயின் சுவைக்கப் போகிறவர் அதைத் தாமே ஓட்டவும் முடியாது.